மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வது போல ஒரு சிபாரிசு

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில், நான் எழுதிய ஒன்றைக் கடைக்காரி ரேவதி சத்தமாகப் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யம்மா... இது காலேஜுக்குப் போற லெட்டரா, மாப்ள வூட்டுக்குப் போற லெட்டரா?"

ஆதார் கார்டு நகல் எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வாரா வாரம் உங்களிடம் இத்தனை பேச்சுப் பேசுகிறவள்தான். ஆனால் நேரில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தால் மின்விசிறியைத்தான் பார்ப்பேன். மின்விசிறி இல்லாத இடமென்றால் செருப்பை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. பேச வராததால்தான் எழுத வந்தேன். வாய் இருந்திருந்தால், ஐந்தாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு நான் ஏன் இந்தப் பாடு படப்போகிறேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதி என்று ஒரு பெண். வயது இருபத்தெட்டு. இங்கிருந்து மேற்கே உள்ளே போனால் வரும் விவசாய கிராமம் அவளுக்கு. இப்போது திருப்போரூரில் ஹாஸ்டலில் தங்கி, ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறாள். அதற்கு முன்னால் மூன்று வருடம் எங்கள் மகளிர் குழுவில் மேனேஜராக இருந்தாள். மீன் ஊறுகாய், கருவாட்டுத் தொக்கு போட்டு விற்கிற குழு. முப்பது பெண்கள். தலைவி - நான்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எப்படித் தலைவி ஆனேன் என்று கேளுங்கள். தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். சண்டை முடியவில்லை. மூன்றாவதாக ஒருத்தி எழுந்து, "அதோ அந்த மூலைல ஒக்காந்துகீது பாரு, அந்தம்மாவப் போட்டுடலாம். அது யாரையும் ஒண்ணும் சொல்லாது" என்றாள். எல்லோரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைவி ஆனேன்.

கோமதிக்கு ஒரே ஆசை. பிசினஸ் ஸ்கூலில் சேர வேண்டும். நாட்டிலேயே பெரியது என்று சொல்கிற நாலைந்தில் ஒன்றில். ஒரு சீட்டுக்கு ஒரு பஸ் கூட்டம் முட்டுமாம். பரீட்சை எழுத வேண்டும், தன்னைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும். அதோடு, கூட வேலை பார்த்த மேலதிகாரிகள் இரண்டு பேர் அவளைப் பற்றி எழுதித் தர வேண்டும்.

ஒருவர் இப்போதைய கம்பெனி மேனேஜர். இன்னொருவர் யார்? காகிதப்படி பார்த்தால், குழுவில் அவளுக்கு மேலே இருந்தவள் நான்தான்.

போன வருடமும் என்னிடம்தான் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். ஆனால் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. எனக்கு அந்த ஸ்கூல் மேல் அப்படி ஒரு கோபம். இவ்வளவு நல்ல பெண்ணை விட்டுவிட்டார்களே, கண் இல்லையா அவர்களுக்கு?

இந்த வருடம் மறுபடியும் அப்ளை பண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

"பெரிம்மா, உங்க பேரத்தான் மறுபடியும் குடுத்துகிறேன். மெயில்ல லிங்க் வரும்."

"போன தபாவே கிடைக்கலியேடி. வேற யாராச்சும் படிச்ச ஆளா பார்த்துக் குடேன்."

"நீங்கதான் எழுதணும்."

"இன்னா எழுதணும், சொல்லு. அப்பிடியே எழுதிடறேன்."

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நான் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அத நான் சொல்லக் கூடாது பெரிம்மா. ரூல்ஸு. நீங்க எழுதுறத நான் பாக்கவும் கூடாது."

"இந்த வாட்டியும் இல்லன்னு சொல்லிட்டா?"

"வுட்டுடுவேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷமா காலைல நாலு மணிக்கு எழுந்து படிச்சுகினு, பஸ்ல தூங்கிகினு... மூணாவது வாட்டிக்கு என்கிட்ட தெம்பு இல்ல."

வாசல் கேட்டு வரை போனவள் திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் போய்விட்டாள்.

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற பெண். அன்றைக்கு மட்டும் என்னைப் போல நடந்துகொண்டாள். அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. மாடியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, காக்காய் விரட்டப் போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் ஜெராக்ஸ் கடை. போன வருடம் கடையில் வேறொரு பெண் இருந்தாள். சொன்னதை இங்கிலீஷில் அடித்து அனுப்பிவிட்டாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது ரேவதி. அவள் எதையும் கேள்வி கேட்காமல் அடிக்கிற ஜாதி இல்லை.

"போன வருஷம் அனுப்புனது கம்ப்யூட்டர்ல அப்பிடியே கீது. அதையே ஒட்டிடட்டா?"

எனக்கு மகிழ்ச்சி. இரண்டு மணி நேர வேலை மிச்சம். "எதுக்கும் ஒரு தபா தமிழ்ல படிச்சுக் காட்டு" என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நான் எழுதியிருந்தது இது: கோமதி மிகவும் அடக்கமான பெண். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். இருக்கும் இடம் தெரியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். அதிர்ந்து நடக்க மாட்டாள். நல்ல குடும்பம்.

ரேவதி விடவில்லை. ஸ்கூல் அனுப்பிய படிவத்தில் கேள்வி கேள்வியாகப் போனாள்.

"'உங்கள் கருத்தை இவர் மறுத்துப் பேசிய ஒரு சம்பவத்தைச் சொல்லவும்'னு கேட்டுகிறாங்க. நீ இன்னா சொல்லிகீறே தெரியுமா? 'அப்படி ஒரு சம்பவம் நடந்ததே இல்லை.' அடுத்தது... 'இவர் எடுத்துத் தோற்ற ஒரு முயற்சி.' 'இவர் தோற்றதே இல்லை.' அதுக்கு அடுத்தது கேளு. 'இவர் எந்த விஷயத்தில் இன்னும் மேம்பட வேண்டும்?'"

"அதுக்கு இன்னா எழுதிகிறேன்?"

"'கொஞ்சம் ஒல்லி.'"

ஆதார் கார்டுக்காரர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவருக்கு நகல் எப்போதோ வந்துவிட்டது. போகவில்லை.

"யம்மா, அவங்க நாளைக்கு ஒரு கம்பெனியக் கட்டி மேய்க்கற ஆளத் தேடறாங்க. நீ அவங்களுக்கு மருமவள அனுப்பிகீறே."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த சிபாரிசு அது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க யாராவது வந்தால், நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார்கள். நாலு வீடு தள்ளி நின்று, தண்ணீர் கேட்பது போல ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் என் வீட்டு வாசலில்தான் கேட்பார்கள். பார்த்தால் பொய் சொல்லாதவள் போல இருப்பேனாம். இந்த வயதுக்குள் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பேன்? எல்லோருக்கும் ஒரே பாட்டு. அடக்கம். எதிர்த்துப் பேசாது. இருக்கும் இடம் தெரியாது. அண்ணன் மண்டையில் குடத்தால் அடித்துத் தையல் போட வைத்த பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். அவள் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் புருஷன் வாசலில் பார்த்தால் என்னோடு பேசுவதில்லை.

குறை என்ன என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. ஒன்றுமே இல்லை என்றால் சந்தேகப்படுவார்கள். அதனால், "கொஞ்சம் ஒல்லி, சாப்பிடத்தான் மாட்டாது" என்போம். செலவு கம்மி என்று அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

சண்டை போட்டதைச் சொல்லக் கூடாது. முடிவெடுத்ததைச் சொல்லக் கூடாது. தோற்றதை மூச்சு விடக் கூடாது. ஒரு பெண்ணைப் பற்றி எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோமோ, அதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறது அந்தப் படிவம்.

"அப்ப அந்தப் பொண்ணு நெஜமாவே எதுத்துப் பேசுனதே இல்லியா?" என்றாள் ரேவதி.

நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன்.

பேசியிருக்கிறாள். யாரை எதிர்த்து? என்னைத்தான். முப்பது பேர் முன்னால்.

இதை நான் இந்தப் பக்கத்தில்கூட எழுதியதில்லை. இத்தனை வருடமாக என் அசட்டுத்தனங்களை எல்லாம் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். இது ஒன்றை மட்டும் பரணில் போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு இறக்குகிறேன்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். எங்கள் வஞ்சிர ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்த்து, பிடித்துப்போய், தலைவியை வரச் சொன்னார்கள். கோமதி உணவு லைசென்ஸ் விஷயமாகச் செங்கல்பட்டு போயிருந்தாள். நான் மட்டும் போனேன். ஏ.சி. ரூம். சோபா உள்ளே வாங்கியது. எதிரே கண்ணாடி போட்ட அதிகாரி.

"வாரா வாரம் நாற்பது பாட்டில். ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஸ்டார்ட் பண்ணலாமா?"

தலையாட்டினேன்.

"ஒரு வாரம்கூட மிஸ் ஆகக் கூடாது."

தலையாட்டினேன்.

"சீசன் அது இதுன்னு ஏதாவது பிரச்சினை உண்டா?"

அதற்கும் மேலும் கீழுமாக ஆட்டிவிட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார். உடனே பக்கவாட்டில் ஆட்டினேன். காபி சாப்பிடுகிறீர்களா என்றார். நான் காபி குடிப்பதில்லை. அதற்கும் ஆட்டினேன். குடித்தேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் நேரம் என்று பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கரையோரம் போகிற சின்னப் படகுகள் கொண்டுவருவது குழம்புக்கே பத்தாது. வஞ்சிரத்தைப் படத்தில்தான் பார்க்கலாம்.

இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, கண்ணாடி போட்ட மனிதரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டுமே... அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, கடலே திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆர்டர் காகிதத்தை முந்தானையில் மூடிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பிடித்து, பெருமையாக வந்து இறங்கினேன். ஊறுகாய் போடும் ஷெட்டில் எல்லோரும் இருந்தார்கள். கோமதியும் வந்திருந்தாள். வாங்கிப் படித்தாள்.

"இன்னா பெரிம்மா இது?"

"ஆர்டரு."

"ஏப்ரல் மூணாவது வாரத்துலேர்ந்து வஞ்சிரமா? கடலு மூடிக் கெடக்கும்போது மீனு எங்கேர்ந்து வரும்? உன் முந்தானைலேர்ந்தா?"

கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"அவரு கேட்டாரு... நானு..."

"கேட்டா? வாயி எதுக்குக் கீது? நீ ஆட்டுனது உன் தலை மட்டும் இல்ல பெரிம்மா. முப்பது பேரு தலை."

அதற்குப் பிறகும் பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார் அறுந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இரண்டு நாள் ஷெட் பக்கம் போகவில்லை. தலைவி கோபித்துக்கொண்டு வரவில்லை என்று ஊரில் நினைத்தார்கள். கோபமெல்லாம் இல்லை. வெட்கம்.

அந்த இரண்டு நாளில் அவள் ஓட்டலுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். "எங்க தலைவி மரியாதைக்குத் தலையாட்டிட்டாங்க சார். அந்த ரெண்டு மாசம் மீன் வராது" என்று நேராகச் சொல்லியிருக்கிறாள். அத்தோடு எழுந்து வரவில்லை. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வேர்க்கடலைப் பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் தருகிறோம், ஏன் மீன் இல்லை என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன அட்டை வையுங்கள், மீன் முட்டையிடும் காலம் என்று எழுதுங்கள், வெளியூர் ஆட்கள் படித்து ரசிப்பார்கள் என்றிருக்கிறாள். வைத்தார்கள். படித்தார்கள். சிலர் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். நான் உளறியதை அவள் அட்டையில் அச்சடித்து விற்றுவிட்டாள்.

கடலை, கீரைக்கு அவள் ஊர்ப் பெண்களைக் குழுவில் சேர்த்தாள். அதுவரை கடலோரத்து நாங்கள் வேறு, வயல்பக்கத்து அவர்கள் வேறு. சந்தையில் பார்த்தால்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த வருடம்தான் முதல் முறையாகத் தடைக்காலத்தில் எங்கள் ஷெட் அடுப்பு அணையாமல் எரிந்தது.

மூன்றாம் நாள் நான் போனேன். அவள் ஒரு முறம் வறுத்த கடலையை என் முன்னால் தள்ளினாள். தோல் எடுக்க ஆரம்பித்தேன். அவளும் உட்கார்ந்து எடுத்தாள். பாதி முறம் முடிந்ததும் சொன்னாள்.

"கத்துனது தப்பு பெரிம்மா. சொன்னது தப்பு இல்ல."

நான் தலையாட்டினேன். அன்றைக்குத் தலையாட்டியது சரி.

இதையெல்லாம் ரேவதியிடம் சொல்லி முடித்தபோது, கடையில் ஆதார் கார்டுக்காரர்கள் உட்பட ஐந்து பேர் இருந்தார்கள். ரேவதி விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"இதான்யா லெட்டரு. சொல்லு, அடிக்கறேன்."

ஆனால் எனக்கு ஒரு யோசனை. பெரிய ஸ்கூல், படித்தவர்கள் படிப்பார்கள். தலைவியே இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தாள் என்று எழுதினால் மானம் கப்பலேறாதா? "குழுவில் ஒருவர் தவறுதலாக ஒப்புக்கொண்டுவிட்டார்... அப்பிடின்னு போடு" என்றேன்.

"யாரு அந்த ஒருவர்?"

"யாரோ ஒருத்தர்."

"யாரோ ஒருத்தர எதுத்துப் பேசுனா அது பெருசா? யாரு வேணா பேசுவாங்க. மேல இருக்கறவங்கள எதுத்துப் பேசுனாளா இல்லியா, அதான் கேள்வியே. நீ ஒளிஞ்சுகினா, யம்மா, அந்தப் பொண்ணு செஞ்சதும் சேந்து ஒளிஞ்சுக்கும்."

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிற பெண் இவ்வளவு பேசுகிறாள். எனக்குப் போய்ப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்திருக்கிறார்கள்.

"தலைவின்னே போடு" என்றேன். "பேரும் போடு."

தோற்ற முயற்சிக்கும் பஞ்சமில்லை. வேடந்தாங்கலில் பறவை சீசனின்போது, சரணாலயத்துக்கு வெளியே கருவாட்டுத் தொக்குக் கடை போடலாம் என்பது கோமதியின் யோசனை. பறவை பார்க்க வருகிறவர்கள் நின்று வாங்குவார்களாம். மணம் இழுக்கட்டும் என்று தட்டு நிறைய நெத்திலிக் கருவாட்டையும் பரப்பி வைத்தாள். மனிதர் யாரும் வரவில்லை. பருந்துதான் வந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலு. பெரிய பெரிய கேமரா வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் கடையைத்தான் படம் பிடித்தார்கள். கோமதி ஒரு முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் பஸ்ஸில், "யாரு வருவாங்கன்னு யோசிச்சேன் பெரிம்மா. எது வரும்னு யோசிக்கல" என்றாள். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

'எந்த விஷயத்தில் மேம்பட வேண்டும்' என்ற இடத்தில் 'ஒல்லி'யை ரேவதியே அழித்தாள். பொறுமை பத்தாது என்று போட்டோம். கடைசியில், இது நான் தமிழில் சொல்ல, ஜெராக்ஸ் கடையில் இங்கிலீஷில் அடித்தது என்பதையும் எழுதி அனுப்பினோம்.

அனுப்பிய பிறகு பயம் வந்தது. ஒரு பெண்ணைப் பற்றி இத்தனை உண்மையை நான் வெளியே சொன்னதே இல்லை.

பத்து நாள் இருக்கும். ஒரு போன். அந்த ஸ்கூலிலிருந்து. நல்லவேளை, தமிழ் பேசுகிற மனிதர்.

"இந்தக் கடிதம் நீங்க கொடுத்ததுதானா, மேடம்?"

தலையாட்டினேன்.

"ஹலோ?"

மறுபடியும் ஆட்டினேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

போனில் தலையாட்டினால் கேட்காது. இந்த வயதில் இதைக் கண்டுபிடித்தேன். வேறு வழியில்லை, வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க. நான்தாங்க."

"முப்பது பேர் முன்னாடி உங்களைத் திட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்புறமும் ஏன் சிபாரிசு பண்றீங்க?"

"அவ திட்டலன்னா, சார், நான் இன்னும் தலையாட்டினுதான் இருந்திருப்பேன். மீனு வந்திருக்காது."

அவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"அப்போ, அவங்க எடுக்கிற முடிவு எல்லாமே சரியா இருக்கும்னு எடுத்துக்கலாமா?"

எவ்வளவு நல்ல கேள்வி. பெரிய மனிதர், அவரே வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறார். "ஆமாங்க" என்றால் முடிந்தது. தலை பாட்டுக்கு ஆடவும் ஆரம்பித்துவிட்டது.

"இல்லைங்க" என்றேன்.

சொன்னது யார் என்று நானே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

"இல்லைங்க சார். எதிராளி பேசி முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுவா. கூட வர்றவங்க மெதுவா நடந்தா வுட்டுட்டுப் போயிடுவா. பருந்து கதையும் பார்த்திருப்பீங்க. அதையெல்லாம் நீங்கதான் கத்துக்குடுக்கணும். நேரா பேசறத மட்டும் கத்துக்குடுக்க வேணாம். அது கீது."

நன்றி சொல்லி வைத்துவிட்டார். பெரிய மனிதரிடம் வாழ்க்கையில் முதல் முறையாக "இல்லை" சொல்லியிருக்கிறேன். அதை என் ஆர்டருக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? கோமதியின் சீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேனே... அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் பாதியைப் பருந்துக்கே செலவழித்தார்களாம். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நான் போன் மணி அடித்தாலே மாடிக்குப் போய்விடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். கையில் ஒரு கிலோ அல்வா. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சீட் கிடைத்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தது. ஆனால் அல்வாவை வாயில் வைக்கவில்லை. போன வருடத்து விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறதே. எத்தனை நாள் மின்விசிறியைப் பார்ப்பது?

"கோமதி, போன வருஷம் உனக்குக் கெடைக்காமப் போனதுக்குக் காரணம் நான்தான். என் லெட்டரு."

"தெரியும் பெரிம்மா."

"...தெரியுமா?"

"ஏன் எடுக்கலன்னு மெயில் போட்டுக் கேட்டேன். ரெண்டு வரி பதிலு வந்துச்சு. உங்க கட்டுரைல வர்ற பொண்ணும் சிபாரிசுல வர்ற பொண்ணும் ஒருத்திதானான்னு எங்களுக்குச் சந்தேகமா இருக்குன்னு."

அவள் கட்டுரையில் அந்த ஓட்டல் கதையைத்தான் எழுதியிருந்தாளாம். தலைவியை எதிர்த்துப் பேசினேன் என்று. தலைவியோ, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். பெண்ணைப் புகழ்கிறேன் என்று அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன். நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ஸ்கூலுக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏண்டி மறுபடியும் என் பேரக் குடுத்தே?"

"வேற யாரு பேரக் குடுக்கறது? நான் சண்ட போட்டதப் பார்த்த மேலதிகாரி நீங்க ஒருத்தருதானே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அன்னிக்குக் கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்புனியே..."

"வாய் வரைக்கும் வந்துச்சு பெரிம்மா. ரூல்ஸாச்சேன்னு முழுங்கிட்டேன். ஒரு நாளு உங்கள மாதிரி இருந்து பார்த்தேன்." அல்வாவை என் பக்கம் தள்ளினாள். "ரொம்ப பேஜாரா கீது. எப்பிடித்தான் இத்தன வருஷம் இருந்தீங்க?"

நல்லவேளை, வாயை அடைக்க அல்வா இருந்தது.

போகும்போது கேட்டாள். "இனிமே ஓட்டல்காரங்ககிட்ட யாரு பேசுவாங்க?"

நான் தலையை...

"வாயத் தொறந்து சொல்லு."

"நான்தாண்டி" என்றேன். சத்தம் கொஞ்சம் கம்மிதான். ஆனால் கேட்டு வரை கேட்டது.

இப்போது ஊரில் எனக்கு ஒரு புதுப் பெயர். அந்தம்மா லெட்டர் கொடுத்தால் பெரிய ஸ்கூலில் சீட் கிடைக்குமாம். இந்த வாரம் மட்டும் இரண்டு வீட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டார்கள் - பையன் ரொம்ப அடக்கமானவன், எதிர்த்துப் பேச மாட்டான், ஒரு சிபாரிசு எழுதிக் கொடுங்கள் என்று.

தாராளமாக எழுதுகிறேன். முதலில் அவன் வந்து என்னோடு ஒரு சண்டை போடட்டும். நான் தோற்கிற மாதிரி.